பயத்தையும் பங்கு போட்டுக்கொள்வோம்

(பட்டிமன்றத் தலைப்பு: திகில் படங்கள் குடும்பத்தைக் கெடுக்கின்றனவா? குடும்பத்துக்குத் துணை நிற்கின்றனவா? 'துணை நிற்கின்றன' அணியின் மூன்றாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இவ்வளவு நேரமும் எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்த எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) தி. நகரிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் இந்த அரங்கத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "காசு கொடுத்து யாராவது பயத்தை வாங்குவாங்களா?" என்று கேட்டார். நடுவர் அவர்களே, போன மாசம் இதே பேராசிரியரைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் பார்த்தேன். ராட்டினத்துல உச்சியில உட்கார்ந்துகிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "ஐயோ, நிறுத்துங்கடா"ன்னு கத்திக்கிட்டு இருந்தார். (பலத்த சிரிப்பு) அந்தப் பயத்துக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தது யார்? அவரேதான்! (கைதட்டல்)

நடுவர்: அம்மா, அவர் இறங்கி வந்தப்புறம் மறுபடியும் ஏறினாரா?

ஏறினார் ஐயா! அதுதான் எங்கள் அணியின் முதல் சாட்சி! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, என் கட்சியை நான் மூன்று வாதங்களாக வைக்கிறேன். ஒன்று, பயத்தை ரசிப்பது நமக்கு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தது இல்லை. இரண்டு, காசே இல்லாதவனும் சினிமா எடுக்கலாம் என்று காட்டியது இந்தத் திகில் படம்தான். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது என் வீட்டில் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வாதம். எதிரணித் தலைவர், "பேயும் பிசாசும் நம் பண்பாடா?" என்று கேட்டார். ஐயா, நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா. அறுபத்து மூவர் அன்றைக்கு மாட வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. நீர்மோர் பந்தல் ஒரு பக்கம், பானகம் ஒரு பக்கம். அந்த அறுபத்து மூன்று பேரில் ஒரு அம்மா இருக்கிறார், காரைக்கால் அம்மையார். அவர் இறைவனிடம் கேட்டு வாங்கிய வரம் என்ன? இந்த அழகு வேண்டாம், எனக்குப் பேய் வடிவம் கொடு என்று கேட்டு வாங்கினார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். பேய் வடிவம் கேட்ட அம்மாவுக்கு நாம் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டுகிறோம். பேய் நம் பண்பாடு இல்லையா? (கைதட்டல்)

அதே விழாவில்தான் பூம்பாவை கதையும் நினைக்கப்படுகிறது. பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோன பெண். தகப்பனார் சிவநேசர் அவளுடைய எலும்பையும் சாம்பலையும் குடத்தில் போட்டுப் பாதுகாக்கிறார். திருஞானசம்பந்தர் வந்து பாட, குடத்திலிருந்து பெண் எழுந்து வருகிறாள். இதையே ஒருத்தர் இன்றைக்குப் படமாக எடுத்து, ராத்திரிக் காட்சியில் போட்டு, பின்னணியில் ஒரு வயலினையும் இழுத்துவிட்டால் எதிரணியினர் பாதியில் எழுந்து ஓடிவிடுவார்கள்! (சிரிப்பு) ஆனால் எங்க ஆயா அந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவாங்க.

இலக்கியத்துக்கு வாருங்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சிரிப்புக்கும் அழுகைக்கும் கொடுத்த அதே இடத்தை அச்சத்துக்கும் கொடுத்தார். அந்த அச்சம் எதனால் வரும் என்றும் நான்கு காரணம் சொன்னார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை. யோசித்துப் பாருங்கள். அணங்கு என்றால் பேய்ப்படம். விலங்கு என்றால் முதலைப்படம், சுறாப்படம். கள்வர் என்றால் கத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிற கொலைகாரப்படம். வீடியோ கடையில் கேசட்டை அடுக்கி வைத்திருந்த மாதிரி வகைபிரித்து வைத்துவிட்டுப் போய்விட்டார் தொல்காப்பியர்! (கைதட்டல்)

நடுவர்: நாலாவது, இறை?

ஐயா, அது வருமான வரி நோட்டீஸ்! (பலத்த சிரிப்பு)

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களை விட்டுக் கூழ் சமைக்க வைக்கிறார். பரிமாற வைக்கிறார். அந்த இடத்தைப் படித்தால் பயமும் வரும், சிரிப்பும் வரும். பேயை வைத்துச் சிரிக்க வைக்கலாம் என்று 'முனி' 2007இல் வந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தீர்களா? சோழர் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம்.

இரண்டாவது வாதம், காசு. ஒரு சரித்திரப் படம் எடுக்க அரண்மனை வேண்டும். காதல் படம் எடுக்க ஊட்டி வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்சர்லாந்து வேண்டும். பேய்ப்படத்துக்கு என்ன வேண்டும்? ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுக்கு எண்ணெய் போடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்! (சிரிப்பு)

1978இல் அமெரிக்காவில் ஜான் கார்ப்பெண்டர் 'ஹாலோவீன்' எடுத்தார். செலவு சுமார் மூன்று லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது டீச்செலவு. கொலைகாரனுக்கு முகமூடி செய்யக் காசு இல்லை. 'ஸ்டார் டிரெக்' தொடரில் வருகிற கேப்டன் கிர்க் முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. வாங்கி வந்தார்கள், வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள், கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். உலகமே நடுங்கியது அந்த இரண்டு டாலருக்கு! இசைக்குத் தனியாக ஆள் வைக்காமல் கார்ப்பெண்டரே போட்டார். 1960இல் ஹிட்ச்காக் 'சைக்கோ' எடுத்தபோது ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம், யாருக்குத் தெரியப்போகிறது? 'ஈவில் டெட்' படத்தில் ஓடியது சோளச் சர்க்கரைப் பாகு. எதிரணியினர் "ரத்தம், ரத்தம்" என்று மயங்கி விழுந்ததெல்லாம் சர்க்கரைத் தண்ணியைப் பார்த்துத்தான். (சிரிப்பு)

நம் நாட்டுக்கு வாருங்கள். பம்பாயில் ராம்சே குடும்பம். அப்பா ரேடியோ கடைக்காரர். ஏழு பிள்ளைகள். 1970இல் ஒரு படம் எடுத்தார்கள், ஓடவில்லை. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் முகமூடி போட்டுக்கொண்டு திருட வருகிற ஒரு காட்சிக்கு மட்டும் ஜனங்கள் ஆடிப்போய்விட்டார்கள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் கேமரா, ஒருத்தர் ஒலிப்பதிவு, இன்னொருத்தர் டைரக்ஷன். 1972இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' என்று பேய்ப்படம் எடுத்தார்கள், அது ஓடியது. 1984இல் 'புரானா மந்திர்' சக்கைப்போடு போட்டது. குடும்பத்தைக் கெடுக்கிறதாம் பேய்ப்படம்! ஏழு அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்து வேலை செய்ய வைத்தது எது? பேய் ஐயா, பேய்! சொத்துத் தகராறுகூட அந்தக் காரியத்தைச் செய்யாது! (பலத்த கைதட்டல்)

நம் அடையாறுக்கு வாருங்கள். அடையாறு திரைப்படக் கல்லூரி என்று சொல்வோமே, தரமணியில் இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் சேர்ந்து 1986இல் 'ஊமை விழிகள்' எடுத்தார்கள். ஆபாவாணன் எழுத, அரவிந்த்ராஜ் இயக்க, விஜயகாந்த் நடித்தார். அந்தக் கிழவி வருகிற காட்சியை இன்றைக்கு ஐம்பது வயதுக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கையில் இருக்கிற காபி ஆடும். வாய்ப்பே இல்லாத பிள்ளைகளுக்குச் சினிமாவில் வாசல் திறந்துவிட்டது அந்தப் பயம். 2007இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்று ஒரு படம். இயக்குநர் ஓரென் பெலி தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலரில் எடுத்தார். நம் ஊரில் பல்லாவரம் தாண்டி ஒரு கல்யாணம் செய்கிற செலவு. அந்தக் கல்யாணத்தைவிட இது நன்றாக ஓடியது! (சிரிப்பு)

ஆழ்வார்பேட்டையில் ஒரு தெரு இருக்கிறது, டிமான்ட்டி காலனி. ஜான் டி மான்ட்டி என்ற பழைய காலத்து வணிகர், தன் சொத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். அவர் பெயரில் உள்ள தெரு. பூட்டிக் கிடந்த வீடுகள், மரங்கள், இருட்டு. உடனே பேய்த்தெரு என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2015இல் அஜய் ஞானமுத்து அந்தப் பெயரிலேயே படம் எடுத்தார், 2024இல் இரண்டாம் பாகமும் வந்தது. நான் எதிரணியினரைக் கேட்கிறேன். மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் பத்து மாசம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். எந்தப் பேய்க்கு இது கட்டுப்படியாகும்? (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். எதிரணியினர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். மூன்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் குற்றச்சாட்டு. 1984இல் மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்' படத்தைப் பார்த்துத்தான் கொலை செய்தேன் என்று, சென்னைக்குப் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் பலரைக் கொன்ற ஒருவன் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. எதிரணித் தலைவர் அதை எடுத்துச் சொன்னார். இதை வைத்து நான் வேடிக்கை பேச மாட்டேன். அந்தக் குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நடுங்குகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். லட்சக்கணக்கான பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்த சத்யராஜைப் பார்த்துப் பயந்தார்கள். பார்த்த அத்தனை பேரும் கத்தியைத் தூக்கவில்லையே? கொலை செய்தவன் சொன்ன சாக்கை நீங்கள் நம்புகிறீர்கள். பார்த்துவிட்டு ஒழுங்காக வீட்டுக்குப் போன அத்தனை பேரையும் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள். இது என்ன நியாயம்? (கைதட்டல்)

இரண்டாவது குற்றச்சாட்டு, பெண்களைப் பற்றியது. 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்', 1980இல் 'மூடுபனி'. இந்த மாதிரிப் படங்களில் கொல்லப்படுவதெல்லாம் பெண்கள்தானே, ஒரு பெண்ணாக இருந்துகொண்டு நீ எப்படி ஆதரிக்கிறாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. வெளியில் போகிற பெண், சிரித்துப் பேசுகிற பெண், இவளுக்கு இதுதான் கதி என்று பாடம் நடத்துகிற படங்களை நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அமெரிக்காவில் கரோல் கிளோவர் என்ற பேராசிரியை 1992இல் இந்தக் கொலைகாரப் படங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் கவனித்தது என்ன தெரியுமா? கடைசி வரை உயிரோடு நின்று கொலைகாரனை எதிர்க்கிறவள் பெரும்பாலும் ஒரு பெண். ஏதோ சரியில்லை என்று முதலில் கவனிக்கிறவளும் அவள்தான். நம் ஊர்ப் பேய்ப்படத்தையும் பாருங்கள். நம் பேய் யார்? அநியாயமாகச் செத்தவள். உயிரோடு இருந்தபோது அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 2009இல் அறிவழகன் எடுத்த 'ஈரம்' பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் வாய்க்கு வந்ததைப் பேசி, புருஷன் சந்தேகப்பட்டு, ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்துபோகிறது. அந்தப் படம் வந்த அடுத்த ஒரு மாசம், எங்க ஃபிளாட் லிஃப்டில் யாரும் யாரைப் பற்றியும் பேசவில்லை. (சிரிப்பு, கைதட்டல்) ஆயிரம் மாதர் சங்கக் கூட்டம் போட்டாலும் செய்ய முடியாத காரியம்!

2011இல் 'காஞ்சனா' வந்தது. நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் கதை. சரத்குமார் நடித்திருந்தார். எங்க மாமியார் அதுவரைக்கும், கடைவீதியில் திருநங்கைகள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். படம் பார்த்துவிட்டு வந்த மறுவாரம், ரங்கநாதன் தெரு முனையில், "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று அவர்களாகவே கேட்டார்கள். நான் என் காதாலே கேட்டேன். பேய்ப்படம் அவர்களைப் பயமுறுத்தியது உண்மை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மாற்றிவிட்டது. அஞ்ச வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்துகொள்வதுதானே வள்ளுவர் சொன்ன அறிவு?

மூன்றாவது குற்றச்சாட்டு, குழந்தைகள். இதுதான் கனமானது. இதில் எதிரணியினர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்.

நடுவர்: என்னம்மா, கட்சி மாறிடுவீங்க போல இருக்கே!

இல்லை ஐயா, முழுசாகக் கேளுங்கள். அடையாறில் என் அண்ணன் வீடு. அவர் பேரன் ஆறாம் வகுப்பு. போன வருஷம் திடீரென்று பையன் ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான். பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறான். என்னடா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவுடைய செல்போனை எடுத்து, போர்வைக்குள்ளே, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரு முகமூடிக் கொலைகாரன் படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். பேய்க்குப் பயந்தது பாதி, அம்மாவுக்குப் பயந்தது பாதி.

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டவில்லை. "கதையைச் சொல்லுடா கண்ணா, எனக்குக் கேட்கணும்"னு சொன்னேன். முதலில் திக்கித் திக்கிச் சொன்னான். அப்புறம் எழுந்து நின்று நடித்தே காட்டினான். "அந்த முகமூடி எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று 'ஹாலோவீன்' கதையைச் சொன்னேன். "வெறும் பெயிண்ட்டா அத்தை பாட்டி?" என்று சிரித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து 1984இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு ராத்திரி அவனே விளக்கை அணைத்தான்.

ஆகவே, பச்சைப் பிள்ளைக்கு எல்லாப் படத்தையும் காட்டு என்று நான் சொல்லவில்லை. ஏ சான்றிதழ் எதற்கு இருக்கிறது? 2024 முதல் யு/ஏ சான்றிதழையே ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டியது பெற்றவர்கள் கடமை. ஆனால் அந்தப் பையனைக் கெடுத்தது எது? படம் மட்டுமா? தனியாகப் பார்த்தான், யாரிடமும் சொல்லாமல் இருந்தான். அதுதான் அவனைக் கெடுத்தது.

எங்கள் காலத்தில் ஒரு புரளி இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பயங்கரமான இங்கிலீஷ் படம் எது வந்தாலும், "தியேட்டரில் தனியாக உட்கார்ந்து முழுசாகப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் பரிசு" என்பார்கள். பரிசு வாங்கினவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் புரளியில் ஒரு உண்மை இருக்கிறது. பரிசு ஏன் 'தனியா' பார்க்கிறவனுக்கு? நூறு பேராகப் பார்த்தால் பயம் நூறாகப் பங்காகிவிடும் என்று புரளி கிளப்பினவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! (கைதட்டல்) மயிலாப்பூரில் கபாலி, காமதேனு, தி. நகரில் ராஜகுமாரி, நாகேஷ், அடையாறில் ஈராஸ். இந்தத் தியேட்டர்கள் எல்லாம் இன்றைக்கு இல்லை. அங்கே பின்சீட்டுக்காரன் ஒரு சத்தம் கொடுப்பான், "ஏம்மா, அந்தக் கதவைத் தொறக்காதே!" தியேட்டரே சிரிக்கும். பயம் போய்விடும். அந்தக் குரல் செல்போனில் இல்லையே ஐயா!

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

1986. மயிலாப்பூரில் ஒரு ஸ்டோர் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரு குழாய், ஒரே ஒரு டி.வி. அப்பா ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதினார். எனக்குப் பதினாலு வயசு. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை டெக் எடுப்போம். வீட்டுக்கு அஞ்சு ரூபாய் வசூல். டெக் கொண்டு வருகிற பையன் மேல்மூடியைக் கழற்றி, ஹெட்டைத் துடைத்து, ஊதி, பெரிய டாக்டர் மாதிரி எங்களைப் பார்ப்பான். முதலில் ஒரு சாமி படம், அப்புறம் ஒரு சிவாஜி படம், குழந்தைகள் தூங்கினதும் திகில் படம். சரியாகக் கொலைகாரன் வருகிற இடத்தில் திரையில் கோடு ஓடும். கொலைகாரனைப் பார்த்துப் பயந்ததைவிட, டெக் நின்றுபோய்விடுமோ என்றுதான் நாங்கள் அதிகமாகப் பயந்தோம். (சிரிப்பு)

அன்றைக்குப் போட்டது 'நூறாவது நாள்'. ஆமாம், எதிரணித் தலைவர் சொன்ன அதே படம். நளினி நடித்த பெண், கொலை நடப்பதைக் கனவு மாதிரி முன்கூட்டியே காண்கிறாள். பதறிப்போய்ச் சொல்கிறாள். நம்புகிறவர்கள் இல்லை. படம் முடிந்தபோது ராத்திரி ஒன்றரை மணி. யாருக்கும் தனியாக எழுந்து போகத் தைரியம் இல்லை. முற்றத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். யார்மேல் முதலில் சந்தேகம் வந்தது, எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்க ஆயா, அப்பாவைப் பெற்றவங்க, வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாங்க.

"அந்தப் பொண்ணு தலைதலையா அடிச்சிக்கினு சொல்லுது, எவனாவது நம்பினானா பாரு. ஏன், நம்ம வூட்டுப் பொண்ணு வந்து சொன்னா மட்டும் நாம நம்பிடுவமா?"

முற்றத்தில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. கொலைகாரனை நினைத்து இல்லை. மூன்று வாரமாக, லஸ்ஸில் டியூஷன் முடிந்து நான் நடந்து வரும்போது, ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். தெப்பக்குளம் வரைக்கும் வருவான். ஏதேதோ பேசுவான். நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் டியூஷனை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடுவார்கள். அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது.

விடியற்காலையில் குழாயடியில் ஆயா குடத்தை வைத்தபோது சொன்னேன். "ஆயா, என் பின்னாலயும் ஒருத்தன் வரான்." ஆயா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டாங்க.

அப்பாவிடம் சொன்னாங்க. அப்பா முதலில் சொன்னது நான் பயந்த வார்த்தைதான். "நாளையிலேருந்து டியூஷன் வேணாம்மா." ஆயா விடவில்லை. "ஏண்டா, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து என்னத்தைப் பார்த்தே? கத்தி வச்சிருக்கிறவனை வுட்டுட்டு, கனவு கண்டவளைக் குத்தம் சொன்னானுங்களே, அதையேதான் நீயும் பண்றே." (நீண்ட கைதட்டல்)

அப்பா எதுவும் பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எங்க ஸ்டோரிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு லஸ் முனையில் போய் நின்றார். அடிக்கவில்லை, கத்தவில்லை. "இது எங்க வீட்டுப் பொண்ணு. நாங்க எட்டு வீட்டுக்காரங்க இருக்கோம்"னு மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளை நான் பார்க்கவில்லை. டியூஷன் நிற்கவில்லை. பள்ளிக்கூடமும் நிற்கவில்லை. அந்தப் பெண் படித்து, ஆசிரியையாகி, முப்பது வருஷம் பாடம் நடத்தி, இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். (பலத்த, நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்தப் படம் என்று சொல்ல மாட்டேன். காப்பாற்றியது எங்க ஆயா. ஆனால் ஆயா வாயிலிருந்து அந்தக் கேள்வியை வரவைத்தது அந்தப் படம். சாமி படம் பார்த்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு எழுந்து போனோம். சிவாஜி படம் பார்த்துவிட்டு அழுதுவிட்டு எழுந்து போனோம். திகில் படம் பார்த்தபோதுதான், எழுந்து போகப் பயந்துகொண்டு உட்கார்ந்து பேசினோம்! எத்தனையோ பெண் பிள்ளைகள் வீட்டில் சொல்ல முடியாத பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள். "உனக்கு என்ன பயம்?" என்று நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். "அந்தப் படத்துல அவ ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

எங்க வீட்டுக்காரர் இப்பவும் பேய்ப்படம் போட்டால் எட்டுத் தடவை தண்ணி குடிக்க எழுந்து போவார். (சிரிப்பு) எட்டுத் தடவையும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு தடவை கூப்பிட்டதில்லை! (பலத்த சிரிப்பு)

எனவே நடுவர் அவர்களே, பிள்ளைக்கு ஏற்ற படமாகப் பார்த்துப் போடுங்கள், விளக்கை அணையுங்கள், பாட்டியையும் கூட உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் டி.வி.யை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசுங்கள். சேர்ந்து பார்த்துப் பேசுகிற வீட்டில் திகில் படம் துணைதான் நிற்கும், கெடுக்காது என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)